முப்பத்தோராவது கேள்வி

நான் சிகரெட்டை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. அதை நம்பிய ஆள் எங்கள் மலைப்பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. என் மனைவி ஓலீட்டா நம்பவில்லை. சர்ச் போதகர் நம்பவில்லை. எங்கள் நாய் ஷெரீஃப்கூட என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு முன் பதினான்கு முறை விட்டவன் நான். ஞானஸ்நானம் வாங்கி ஆற்றிலிருந்து ஏறிய ஈரத்தோடு, போதகரிடமே தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டவன்.

பெயர் ஹோபெர்ட் ஸ்லோன். வயது அறுபத்தெட்டு. கிழக்குக் கென்டக்கியில் முப்பத்துமூன்று வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் காற்றுப் பரிசோதகன். மற்றவர்கள் வேலைக்கு இறங்குவதற்கு முன்பே தனியாளாக உள்ளே போய், ஒவ்வொரு இடத்திலும் கருவியைத் தூக்கிப் பிடித்து விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த இடத்தில் சாக்பீஸால் பெயரின் முதலெழுத்து, தேதி, நேரம் மூன்றையும் எழுத வேண்டும். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் அடுத்தவன் உள்ளே கால் வைப்பான். போகாத இடத்துக்கு எழுதுகிறவன் எங்கள் ஊரில் கொலைகாரனுக்குச் சமம். ஒருமுறை ஒருவன் உள்ளே போகாமல் வாசலிலேயே தான் பார்க்கவேண்டிய மூன்று இடத்துக்கும் தேதி எழுதிவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து சாண்ட்விச் தின்றான். அவன் முன்பல்லை நான்தான் எடுத்தேன்.

சிகரெட்டைப் பற்றி ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன். சாக்பீஸால் ஒரு பொய்யும் எழுதியதில்லை. ஓலீட்டாவுக்கும் அது தெரியும்.

பணி ஓய்வுக்குப் பிறகு மார்பைப் படம் எடுத்த டாக்டர், இதில் பாதி கரித்தூசி, பாதி சிகரெட் என்றார். "அப்ப காத்து எங்க சார் நிக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் இருக்கும் தபால் பெட்டி வரை போய்வர இரண்டு இடத்தில் நின்று இளைப்பாற வேண்டிய நிலைமை. அப்போதுதான் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் மாவட்டத்தின் பெரிய ஊரில் ஒரு கிளினிக்கின் இரண்டாவது மாடி. மூச்சு விட முடியாதவர்களுக்கான ஆராய்ச்சியை இரண்டாவது மாடியில் வைத்த மகானை ஒருநாள் நேரில் பார்த்துக் கும்பிடவேண்டும். லிஃப்ட் உண்டு. அதற்கும் எங்களைப்போலத்தான், நடுவில் நின்று இளைப்பாறும்.

ஆராய்ச்சியை அங்கே நடத்துகிறவள் ட்ரெசா நேப்பியர். நாற்பது வயதிருக்கும். அவள் அப்பாவும் என்னோடு சுரங்கத்தில் இருந்தவன். ஆள் பார்க்கத்தான் சாது. ஊதும் பரீட்சை என்று வந்துவிட்டால் பேய் பிடித்துவிடும். குழாயை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை முழுசாக ஊதித் தள்ள வேண்டும். அவள் பக்கத்தில் நின்று, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விட்றாதீங்க! இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். வெளியே காத்திருப்பவன் உள்ளே யாருக்கோ பிரசவம் ஆகிறது என்றுதான் நினைப்பான்.

செப்டம்பரில் சேர்ந்தேன். மருந்து ஒரு பொடி. காலையும் மாலையும் வாயால் இழுக்க வேண்டும். உண்மையான மருந்தா, வெறும் மாவா என்று யாருக்கும் தெரியாது, ட்ரெசாவுக்கே தெரியாது. என் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் ஒருநாள் தபால் பெட்டிக்குப் போய் நிற்காமல் திரும்பி வந்தேன். வந்தவன் சந்தோஷம் தாங்காமல் இன்னொரு முறை போய்வந்தேன். பெட்டியில் ஒன்றும் இல்லை. மின்சாரக் கம்பெனிக்காரன்கூட எழுதியிருக்கவில்லை. அப்படியும் எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு கெடுபிடி. புகைக்கக்கூடாது. ஒவ்வொரு முறை போகும்போதும் கைக்கு அடக்கமான ஒரு கருவியில் ஊதவேண்டும். புகை பிடித்தவன் மூச்சில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும், கருவி அதை எண்ணாகக் காட்டிக்கொடுத்துவிடும். எட்டுக்குள் இருந்தால் நல்லவன். தாண்டினால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவது தடவை, பொடியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். செப்டம்பரில் எனக்கு இரண்டு வந்தது. "பச்சைப் பிள்ளை மூச்சு" என்றாள் ட்ரெசா.

டிசம்பரில் பதின்மூன்று வந்தது.

நான் கருவியைத் தட்டிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். "பேட்டரி போயிடுச்சு" என்றேன். ட்ரெசா தன் வாயில் வைத்து ஊதிக் காட்டினாள். ஒன்று.

"பெரியவரே, நான் டாக்டரும் இல்ல, பாதிரியாரும் இல்ல. எங்கிட்ட பாவமன்னிப்பு கேக்க வேணாம். எத்தனை பிடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்ல தாயி. சத்தியமா."

"எதுமேல சத்தியம்?" என்றாள் பக்கத்திலிருந்த ஓலீட்டா. "பைபிள், உங்கம்மா கல்லறை, எம் பேரு, எல்லாத்து மேலயும் பண்ணியாச்சு. மிச்சம் நாய்தான் இருக்கு."

ட்ரெசா எச்சரிக்கையை எழுதினாள். அதற்கப்புறம் கேள்விப் படிவத்தை எடுத்தாள். நோய்க்கு என்னென்ன காரணம் என்று ஆராய்வதற்காக நாற்பத்தாறு கேள்வி. ஒவ்வொரு பக்கத்திலும் நான் என் பெயரின் முதலெழுத்தும் தேதியும் போடவேண்டும். சாக்பீஸுக்குப் பதில் பேனா, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எந்த வயசுல புகைக்க ஆரம்பிச்சீங்க?"

"ஒன்பது."

"உங்கம்மா கர்ப்பமா இருக்கும்போது புகை பிடிச்சாங்களா?"

"எங்கம்மா பதினோரு பிள்ளை பெத்தவ. கர்ப்பமா இல்லாத நேரத்துலதான் பிடிக்கணும்னா அவ எப்பதான் பிடிப்பா?"

"வேலை பாத்த இடத்துல தூசி இருந்துச்சா?"

"வேலையே தூசிதான் தாயி."

இப்படியே போய் முப்பத்தோராவது கேள்விக்கு வந்தாள். "வீட்டுக்குச் சூடு எதுல?"

"நிலக்கரி அடுப்பு. சமையல் ரூம்ல."

"புகைபோக்கி சுத்தம் பண்ணியாச்சா? பன்னிரண்டு மாசத்துக்குள்ள?"

"ஆச்சு. அக்டோபர்ல."

"நீங்களே பாத்தீங்களா?"

ஓலீட்டா முந்திக்கொண்டாள். "அவரேதான் ஏணி போட்டு ஏறினாரு. உடம்பெல்லாம் கரியோட வந்து நின்னாரு, அந்தச் சட்டைய நான் மூணு தடவை தொவச்சேன். இந்த ஆளு சிகரெட் விஷயத்துல புளுகுவாரு. காத்து விஷயத்துல மட்டும் புளுகமாட்டாரு, எழுதிக்க."

ட்ரெசா எழுதிக்கொண்டாள். நான் முதலெழுத்தையும் தேதியையும் போட்டேன்.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் இரண்டு குளிர். வெளியே பனி, உள்ளே ஓலீட்டா. என் கோட்டுப் பைகளைத் தினமும் உதறிப் பார்ப்பாள். கழிப்பறையில் நான் ஐந்து நிமிடம் அதிகம் உட்கார்ந்தால் கதவிடுக்கில் மூக்கை வைப்பாள். இந்த வேவு தாங்காமல் நான் சாயங்காலங்களில் டிரக்கில் போய் உட்கார்ந்து, கூடைப்பந்து வர்ணனையை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவே வம்பாகிவிட்டது.

"டிரக்குக்குள்ள என்ன வேலை?"

"ரேடியோ கேட்டேன்."

"வீட்டுல ரேடியோ இல்லையா?"

"வீட்டுல ரேடியோவுக்கு மேல நீ கேக்குறியே."

அவளுக்குத் தலைவலியும் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்கச் சமையலறையில் அடுப்புப் பக்கமே இருப்பவள். பீன்ஸ் வேகும், சோள ரொட்டி வேகும், அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் குமட்டும். "உன் பொய்தான் என் மண்டைக்குள்ள இடிக்குது" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் மட்டும் வலி போய்விடும். "பாத்தியா, கர்த்தர் வீட்டுல உக்காந்தா எனக்குத் தலை தெளிஞ்சிடுது. ஏன்னா அங்க நீ இல்ல." போதகர் இதைத் தன் பிரசங்கத்தின் மகிமை என்று நினைத்து, ஒரு ஞாயிறு அவளை மேடையிலேயே சாட்சி சொல்லவைத்தார். ஷெரீஃபும் அடுப்படியே கதியென்று கிடந்தது. அதன் உத்தியோகமே தூக்கம் என்பதால் அதை யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் மாதம் மூன்றாவது முறை கிளினிக் போகவேண்டிய நாள். ஓலீட்டா காலையிலேயே ஒரு துணிப்பெட்டியை எடுத்து டிரக்கின் பின்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"இன்னிக்கு அந்த மெஷின் எட்டுக்கு மேல காட்டட்டும். கிளினிக்ல இருந்து நேரா பஸ்ஸுதான். ஒஹையோவுல எங்க அக்கா வீட்டுக்கு. நாப்பத்தஞ்சு வருஷம் புகையோட குடித்தனம் பண்ணிட்டேன். இனிமே பொய்யோட பண்ணமுடியாது."

அவள் கத்தியிருந்தால் எனக்குப் பயமே வந்திருக்காது. நிதானமாகச் சொன்னாள். பொடியும் போகும், பெண்டாட்டியும் போவாள் என்று வண்டியை ஓட்டினேன். நான் செய்த ஆயிரம் தப்புக்கு இந்தத் தண்டனை கிடைத்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். செய்யாத ஒன்றுக்குக் கிடைப்பதுதான் தாங்கவில்லை.

காத்திருக்கும் அறையில் கார்லிஸ் இருந்தான். என்னோடு சுரங்கத்தில் இருந்தவன், இப்போது மூக்கில் ஆக்சிஜன் குழாயும் கையில் சக்கரம் வைத்த சிலிண்டருமாக இதே ஆராய்ச்சியில் இருக்கிறான். அதை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு திரிவான்.

"என்னடா ஹோபெர்ட், மூஞ்சி செத்த கோழி மாதிரி இருக்கு? கடைசிப் பாக்கெட்ட எங்க ஒளிச்ச?"

"உங்க வீட்டுல."

"நல்லது. எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சிடுவா. அவளுக்கும் பொழுதுபோகணும்ல."

ட்ரெசா கூப்பிட்டாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். எதிர் நாற்காலியிலிருந்து கார்லிஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சைப் பதினைந்து நொடி அடக்கி, பிறகு மெதுவாக ஊதவேண்டும். பதினைந்து நொடி அடக்க முடிகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? கண் பிதுங்க அடக்கினேன். ஊதினேன். கருவியில் எண் ஏறியது. ஏழு. ஒன்பது. பன்னிரண்டு. பதினேழில் நின்றது.

ட்ரெசா பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. "பெரியவரே, இது ரெண்டாவது தடவை. நான் எழுதித்தான் ஆகணும்."

"தாயி, நான் பிடிக்கல."

"பதினேழு வந்திருக்கு."

"பதினேழு லட்சம் வரட்டும். நான் பிடிக்கல!"

ஓலீட்டா எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். "கொடு அந்த மெஷின. ஒரு கிறிஸ்தவ மூச்சு எப்பிடி இருக்கும்னு இந்த மனுசன் ஒருதடவை கண்ணால பாக்கட்டும். அறுபத்தாறு வருஷத்துல ஒரு இழுப்பு இழுத்தவ இல்ல நான்."

"அம்மா, நீங்க இதுல சேர்ந்தவங்க இல்ல..."

"புது வாய்க்குழாய் மாட்டிக் கொடு."

ஓலீட்டா கேட்டு யாரும் மறுத்ததில்லை. ட்ரெசா புது வாய்க்குழாயை மாட்டிக் கொடுத்தாள். ஓலீட்டா நிமிர்ந்து நின்று, பதினைந்து நொடியை அலட்டிக்கொள்ளாமல் அடக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே ஊதினாள். எண் ஏறியது. எட்டு. பதினாறு. இருபத்தைந்து. முப்பத்தெட்டு.

கதவருகே கார்லிஸின் சிலிண்டர் உஸ் உஸ் என்றது.

"அடியாத்தீ" என்றான் கார்லிஸ். "ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்!"

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அவள் என்னைவிடப் பெரிய பாவி. "ஓலீட்டா! எத்தனை வருஷமா? கோழிக்கூண்டுக்குப் பின்னாடியா? சர்ச் பாத்ரூம்லயா? பாட்டுப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்தியா?"

"ஐயோ கர்த்தரே, நான் தொட்டதே இல்ல" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "ட்ரெசா, நான் தொட்டதே இல்லம்மா. சத்தியமா."

அந்தச் சத்தியம்தான் என் சிரிப்பை நிறுத்தியது. டிசம்பரில் இதே இடத்தில் நான் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அவள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் புகைக்கவில்லை, இரண்டு பேர் மூச்சிலும் விஷம் இருக்கிறது, டிரக்கில் போய் உட்காருகிறவனுக்குக் கம்மி, அடுப்படியில் உட்காருகிறவளுக்கு அதிகம். செப்டம்பரில் இல்லை. அடுப்பு பற்றவைத்த பிறகு இருக்கிறது. தலைவலி. குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது. எழுந்திருக்காத நாய்.

சுரங்கத்தில் புதிதாக வருகிற எவனுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தலை வலிக்கும், தூக்கம் வரும், வெளியே ஓடு. பத்தொன்பது வருடம் நூற்றுக்கணக்கான பேருக்குச் சொன்னவன். இடுப்பில் அந்த வாயுக்கருவியைக் கட்டிக்கொண்டு திரிந்து சலித்துப்போய், ஓய்வு பெற்ற அன்றைக்கு, இனி அந்தச் சனியனில் ஒன்றைக்கூட என் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சபதம் போட்டவன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு.

"அடுப்பு" என்றேன்.

"என்ன அடுப்பு?" என்றாள் ஓலீட்டா.

"புகைபோக்கி அடைச்சிருக்கு. அந்த விஷவாயு வீட்டுக்குள்ளயே திரும்புது."

ட்ரெசா சட்டென்று என் கோப்பைப் புரட்டினாள். படிவத்தை எடுத்து விரலை வைத்தாள். "முப்பத்தோராவது கேள்வி. அக்டோபர்ல சுத்தம் பண்ணியாச்சுன்னு இருக்கு. நீங்களே ஏறிப் பாத்ததா இருக்கு. உங்க முதலெழுத்து, தேதி."

அந்தத் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

ஒரு வழி இருந்தது. அக்டோபருக்கு அப்புறம் ஏதாவது பறவை கூடு கட்டியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை.

"நான் ஏறல" என்றேன்.

"கரியோட வந்து நின்னியே" என்றாள் ஓலீட்டா.

"நாலு படி ஏறினேன். அஞ்சாவதுக்கு மூச்சு இல்ல. கீழ இறங்கி அரை மணி நேரம் ஏணிக்கு அடியிலேயே உக்காந்திருந்தேன். அப்புறம் கரி வாளில கைய விட்டு மூஞ்சிலயும் சட்டையிலயும் பூசிக்கிட்டு வந்தேன். ஏறமுடியலன்னு உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் மருந்து கேட்டு நல்லா நடந்தப்பவும் ஏறிப் பாக்கல. பாத்தாச்சுன்னு சொல்லிட்டேன்ல."

ஓலீட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"நீ உண்மை சொன்ன விஷயத்துக்கு நாலு மாசம் உன்னைப் பொய்யன்னு திட்டினேன்" என்றாள். "பொய் சொன்ன விஷயத்துக்கு இதே நாற்காலில உக்காந்து சாட்சி சொன்னேன்."

நான் ஒருவன் பல்லைப் பிடுங்கியவன். என் பல்லைப் பிடுங்க அந்த அறையில் ஆள் இல்லை. அவளை நான் கொல்லப் பார்த்திருக்கிறேன். வேறு வார்த்தை இதற்குக் கிடையாது.

"ஷெரீஃப்!" என்றாள் திடீரென்று. போனை எடுத்துப் பக்கத்து வீட்டு நோலாவைக் கூப்பிட்டாள். "நோலா, எங்க வீட்டுக் கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்துவிடு. நாயைக் கால்ல பிடிச்சாவது வெளிய இழுத்துப் போடு. அதுக்குள்ள நீ நிக்காத. அப்புறம் தீயணைப்புக்காரனுக்குச் சொல்லு. ஏன்னு கேக்குறியா? எங்க வீட்டுக்காரரு பெரிய பரிசோதகரு, அதான்!"

ட்ரெசா கீழேயிருந்து டாக்டரை வரவழைத்தாள். ஓலீட்டாவுக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். எனக்கும் சின்னதாக ஒன்று. பக்கத்தில் கார்லிஸ் தன் சிலிண்டரோடு வந்து உட்கார்ந்தான். மூன்று பேரும் வரிசையாகக் குழாயோடு உட்கார்ந்திருந்தோம்.

"கடைசில உன்னையும் எங்க சங்கத்துல சேர்த்துட்டான் பாத்தியா" என்றான் ஓலீட்டாவிடம். முகமூடிக்குள்ளிருந்து அவள் முறைத்த முறைப்பில், முதல்முறையாகக் கார்லிஸ் வாயை மூடினான்.

தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் புகைபோக்கியிலிருந்து இரண்டு வாளி கரியும், ஒரு முழுப் பறவைக்கூடும் எடுத்தார்கள். ஒரு பனி வாரம் தொடர்ந்து ஜன்னலை மூடிவைத்திருந்தால் இரண்டு பேரையும் போர்வையோடுதான் எடுத்திருக்கவேண்டும் என்று அவர்களில் பெரியவன் சொன்னான். ஷெரீஃப் பிழைத்துக்கொண்டது. புல்லில் கிடந்து வாந்தி எடுத்துவிட்டு, எழுந்து தபால்காரனைப் பார்த்துக் குரைத்ததாம். ஆறு வருடத்தில் அது செய்த முதல் வேலை.

ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய இடத்துக்கு ட்ரெசா எழுதிப்போட்டாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊதவேண்டும், அடுப்பு எரியும் வீட்டிலிருந்தே வரவேண்டும், எட்டுக்குள் இருந்தால் தொடரலாம் என்று பதில் வந்தது. ஓலீட்டா ஒஹையோ போகவில்லை. பெட்டி மட்டும் பிரிக்காமல் டிரக்கிலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

ஏப்ரலில் டாக்வுட் மரங்கள் பூக்கும்போது ஒரு குளிர் வரும். அது வந்தது. ஓலீட்டா என் பழைய சுரங்க உடுப்பை மாட்டி, கால்சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட்டு, ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள்.

"தீயணைப்புக்காரன்தான் சுத்தம் பண்ணிட்டானே" என்றேன்.

"அவன் பண்ணினதா சொன்னான். பாத்தாச்சுன்னு சொன்னவன நம்பி நான் ஒரு குளிர்காலம் ஓட்டிட்டேன்."

"விழுந்துடுவ புள்ள."

"விழுந்தா உம்மேலதான் விழுவேன். ஏணியைப் பிடி."

பிடித்தேன். அவள் ஏறினாள், நான் கீழே நின்று அவள் ஏறுவதைப் பார்த்தே மூச்சு வாங்கினேன். விளக்கடித்து உள்ளே பார்த்தாள், பிரஷ்ஷை விட்டு ஆட்டினாள், இறங்கினாள். சமையலறைக்குப் போய், என் பழைய சாப்பாட்டு வாளியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, அடுப்புக்குப் பின்னால் சுவரில் அவள் பெயரின் முதலெழுத்து, தேதி, நேரம் எழுதினாள். சுவரில் கிறுக்கினதற்காக எங்கள் பிள்ளைகளை அடித்தவள். பக்கத்தில் புதிதாக வாங்கி மாட்டிய வாயுக்கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையும் நம்பவில்லை; வாரம் ஒருமுறை பொத்தானை அமுக்கிக் கத்தவைத்துப் பார்த்தாள்.

மறுநாள் கிளினிக். நான் ஊதினேன், இரண்டு. ஓலீட்டா கேட்காமலே கையை நீட்டினாள். அவளுக்கு ஒன்று. "ஒண்ணு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், நான் படிக்கத் தெரியாதவன் மாதிரி.

ட்ரெசா பொடியின் அடுத்த மூன்று மாதப் பெட்டியை மேஜையில் வைத்தாள். அதை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சந்தோஷத்தை மறைக்க, "மாவாத்தான் இருக்கும்" என்றேன்.

"படிவத்தைத் திருத்தணும்" என்றாள் ட்ரெசா. "முப்பத்தோராவது கேள்வி. புகைபோக்கி சுத்தம் பண்ணியாச்சா?"

"ஆச்சு."

"நீங்களே பாத்தீங்களா?"

"நான் பாக்கல தாயி" என்றேன். "என்னால ஏறமுடியாது. நான் கீழ ஏணியைத்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாத்தவ அவ. அவளக் கேட்டு எழுது."

ஓலீட்டா ட்ரெசாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் பழைய எழுத்தின் மேல் ஒரு கோடு கிழித்து, கீழே தன் முதலெழுத்தையும் தேதியையும் போட்டாள். அந்தப் படிவத்தில் நேரத்துக்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்ததும் டிரக்கிலிருந்து துணிப்பெட்டியை அவளே இறக்கி உள்ளே எடுத்துப்போனாள்.